மெத்தையில் சிறுநீர் கழிக்கும் பூனை... பழிவாங்குகிறதா, உதவி கேட்கிறதா?

ஜூலை மாதத்து ஊட்டியில் ஒரு ரஜாய் நனைந்துவிட்டால், அதைக் காயவைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெயில் எட்டிப் பார்க்காது. பீரோவைத் திறந்தாலே ஈர வாடை. அந்த ரஜாயில் வீட்டுப் பூனை சிறுநீர் கழித்திருந்தால் எப்படி இருக்கும்? அதுவும், நாலு அடி தள்ளி லிட்டர் பாக்ஸ் இருக்கும்போதே?

"வேணும்னே பண்ணுது", "நேத்து திட்டினதுக்குப் பழிவாங்குது", "எல்லாம் கொழுப்பு"... பூனை வளர்க்கும் வீடுகளில் வழக்கமாக வரும் தீர்ப்புகள் இவை. அடுத்து முதுகில் ஓர் அடி. அப்புறம் அதன் முகத்தை ஈரத்தில் தேய்ப்பது. கடைசியில், 'இனி வெளியிலேயே கிட' என்று கதவைச் சாத்துவது.

சமவெளியில் கதவைச் சாத்தினால், பூனை மொட்டை மாடிக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகும். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் ராத்திரி கதவைச் சாத்தினால், அந்தப் பக்கம் சிறுத்தை இருக்கலாம். 2023 நவம்பரில், தீபாவளி நேரத்தில், குன்னூர் புரூக்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு நாயைத் துரத்தி வந்த சிறுத்தை வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. தீயணைப்பு வீரர்கள் உட்பட பலர் காயமடைந்தார்கள். அதனால்தான் இப்போது நீலகிரியில் பலர் பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்க்கிறார்கள். அது நல்ல முடிவுதான். ஆனால், நேற்றுவரை கேரட் பாத்தியிலும் பூந்தொட்டியிலும் பொலபொலவென்ற மண்ணைத் தோண்டி 'போய்க்கொண்டிருந்த' பூனைக்கு, திடீரென்று ஒரு பிளாஸ்டிக் டப்பாதான் கழிப்பறை என்றால் குழப்பம் வராதா?

பூனைக்குப் பழிவாங்கும் திட்டமெல்லாம் கிடையாது. பெட்டிக்கு வெளியே போகிறது என்றால் உடம்பில் ஏதோ சரியில்லை, பெட்டியில் ஏதோ பிடிக்கவில்லை, அல்லது மனதில் ஏதோ பயம். இந்த மூன்றில் எது என்று, இதே வரிசையில் தேட வேண்டும். வரிசை ஏன் முக்கியம்? முதலாவதைத் தவறவிட்டால் பூனையின் உயிரே போகலாம்.

ஆண் பூனை முக்குகிறதா? உடனே கிளம்புங்கள்!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. சளி போன்ற கசடு, சிறுநீரில் உருவாகும் நுண்ணிய படிகங்கள், சிறு கற்கள் இவற்றில் ஏதாவது ஒன்று போதும், குழாய் அடைத்துக்கொள்ளும். பூனை திரும்பத் திரும்பப் பெட்டிக்குப் போகும். உட்கார்ந்து முக்கும். ஒரு சொட்டு வரும், அல்லது அதுவும் வராது. பெட்டியில் வலித்ததால் பாத்ரூம் தரை, சிங்க், மெத்தை என்று இடம் மாற்றி முயற்சி செய்யும். பிறப்புறுப்பை நக்கிக்கொண்டே இருக்கும். கத்தும். பிறகு சாப்பாட்டை ஒதுக்கும், வாந்தி எடுக்கும், மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளும்.

பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டு, 'காலையில் பார்த்துக்கலாம்' என்று தூங்கப் போகிறார்கள். இங்கே காலை வரை காத்திருப்பது ஆபத்து. வெளியேற முடியாத கழிவுகள் ரத்தத்தில் சேர்கின்றன. சிறுநீரகம் செயலிழக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. முழுமையாக அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாள்களிலேயே பூனை இறந்துவிடலாம். சரியான நேரத்தில் கொண்டுபோனால், மயக்க மருந்து கொடுத்து மெல்லிய குழாய் மூலம் அடைப்பை நீக்கிவிடுவார்கள். பெரும்பாலான பூனைகள் பிழைத்துக்கொள்ளும்.

மலையில் இன்னொரு சிக்கல் தூரம். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து டவுனுக்கு வரவே ஒரு வண்டி பிடிக்க வேண்டும். மேல்சிகிச்சைக்கு மேட்டுப்பாளையம் இறங்கி கோவை போக வேண்டியிருக்கலாம். கூடலூர்க்காரர்கள் மைசூரு பக்கம் போக நினைத்தால், பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை. எனவே, ஆண் பூனை வளர்ப்பவர்கள் மூன்று விஷயங்களை இப்போதே முடிவுசெய்து வையுங்கள்: எந்த டாக்டர், ராத்திரியில் யாருடைய வண்டி, பூனையைத் தூக்கிப்போக எந்தக் கூடை. முடிந்தால் டாக்டருக்கு முதலில் போன் செய்து, "ஆண் பூனை, யூரின் வரவில்லை" என்று சொல்லுங்கள். அந்த நான்கு வார்த்தையிலேயே அவருக்கு அவசரம் புரிந்துவிடும்.

வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். நமக்குச் சாதாரணமான அந்த மாத்திரை பூனைக்கு விஷம். அரை மாத்திரைகூட உயிரைப் பறிக்கலாம்.

கிருமியே இல்லாமல் வரும் எரிச்சல்

அடைப்பு இல்லை, சிறுநீர் வருகிறது. ஆனால் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, சில சமயம் ரத்தம் கலந்து, கண்ட இடத்தில் வருகிறது என்றால்? அப்போதும் முதல் வேலை டாக்டரைப் பார்ப்பதுதான். சிறுநீர்ப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன் அல்லது எக்ஸ்ரே எடுத்து, கல் இருக்கிறதா, தொற்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

'யூரின் இன்ஃபெக்‌ஷனாத்தான் இருக்கும், ஆன்டிபயாடிக் போட்டா சரியாகிடும்' என்று நாமே முடிவு கட்டக் கூடாது. இளம் வயது மற்றும் நடுத்தர வயதுப் பூனைகளில் கிருமித்தொற்று குறைவு. சிறுநீர்ப் பிரச்னையோடு வரும் இந்த வயதுப் பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குப் பரிசோதனையில் கல்லும் தெரியாது, கிருமியும் தெரியாது. ஆனால், சிறுநீர்ப்பை புண்ணாகி எரியும். 'காரணம் தெரியாத சிறுநீர்ப்பை அழற்சி' என்று மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சுருக்கமாக எஃப்.ஐ.சி. சில நாள்களில் தானாகவே அடங்கும். பிறகு திரும்ப வரும். இடையில் கொடுத்த மருந்தால்தான் சரியானது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம்.

இதற்குப் பின்னால் மன அழுத்தத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோனி பஃபிங்டனும் அவரது குழுவினரும். 2011-ல் வெளியான அவர்களின் ஆய்வு ஒன்று ரொம்ப சுவாரஸ்யமானது. எஃப்.ஐ.சி உள்ள 20 பூனைகளையும், ஆரோக்கியமான 12 பூனைகளையும் 77 வாரங்கள் கவனித்தார்கள். சாப்பாட்டு நேரம், பார்த்துக்கொள்ளும் ஆள் என்று எல்லாம் ஒரே ஒழுங்கில் நடந்தபோது, நோயுள்ள பூனைகளும் நன்றாக இருந்தன. அந்த ஒழுங்கு குலைந்த வாரங்களில், நோயே இல்லாத பூனைகளும் வாந்தி எடுத்தன, சாப்பிட மறுத்தன, பெட்டிக்கு வெளியே சிறுநீர் கழித்தன.

அதாவது, நேரத்துக்குச் சாப்பாடு வராததும் ஆள் மாறியதும்கூட ஒரு பூனையின் வயிற்றையும் சிறுநீர்ப்பையையும் தொந்தரவு செய்யப் போதுமானவை.

மலை வீட்டில் பூனைக்கு என்ன டென்ஷன்?

நம் கண்ணுக்குத் தெரியாதது பூனைக்குத் தெரியும். ராத்திரி காம்பவுண்டுக்குள் வந்து நிற்கும் காட்டெருமையின் மூச்சு, தகரக் கூரையில் தடதடவென்று ஓடும் குரங்குகள், வேலிக்கு அப்பால் போன சிறுத்தையின் வாடை, ஜன்னலுக்கு வெளியே வந்து உட்காரும் தெருப் பூனை. இவை எல்லாமே கதவு மூடிய வீட்டுக்குள் இருக்கும் பூனையையும் எட்டும்.

ஏப்ரல், மே சீசன் வந்தால் வேறு விதமான கலவரம். மலர் கண்காட்சி பார்க்கச் சொந்தக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். லிட்டர் பாக்ஸ் இருந்த அறையில் யாரோ படுத்திருப்பார்கள். குழந்தைகள் துரத்துவார்கள். விருந்தாளிகள் கிளம்பிய இரண்டாவது நாள், அவர்கள் படுத்த மெத்தையில் ஈரம். 'அவங்க வந்தது அதுக்குப் பிடிக்கலை' என்று நாம் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அது கோபம் அல்ல, பயம். தன் இடம் தனக்கு இல்லாமல் போய்விட்ட பதற்றம்.

இதற்கு மருந்துக்கடையில் தேட வேண்டியதில்லை. தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு. உயரத்தில் ஏறி உட்கார ஓர் இடம். பீரோவின் மேல் விரித்த பழைய கம்பளி போதும். யாரும் தொந்தரவு செய்யாமல் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. நாளுக்கு இரண்டு தடவை, பத்து நிமிடம், ஒரு கயிற்றை இழுத்து விளையாட்டு. வெளிப்பூனை வந்து முறைக்கும் ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு ஒரு திரை. விருந்தினர் வரும்போது, பூனையின் அறையில் அவர்களைப் படுக்கவைக்காமல் இருப்பது. இவ்வளவுதான். இப்படிச் சுற்றுப்புறத்தை மாற்றுவதுதான் எஃப்.ஐ.சி-க்கான சிகிச்சையில் முக்கியமான பகுதி.

பெட்டியைப் பூனையின் கண்ணால் பாருங்கள்

லிட்டர் பாக்ஸ் என்பதே ஒரு குளிர்காலத்தில் தொடங்கிய கதை. 1947-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், எட் லோ என்பவரிடம் பக்கத்து வீட்டுப் பெண்மணி கொஞ்சம் மணல் கேட்டு வந்தார். அடுப்புச் சாம்பலைப் பூனைக்குப் போட்டு, வீடு முழுக்கக் கறுப்புக் கால் தடமாகியிருந்தது அவர் பிரச்னை. லோ, எண்ணெய்க் கறையை உறிஞ்சுவதற்காகத் தான் விற்றுவந்த களிமண் துகள்களைக் கொடுத்தார். அது அவ்வளவு நன்றாக வேலை செய்யவே, பைகளில் நிரப்பி விற்க ஆரம்பித்தார். ஒரு பெரும் தொழிலே பிறந்தது. இன்று நாம் வாங்கும், ஈரம் பட்டால் கட்டியாகும் ரகங்களில் பெரும்பாலும் இருப்பது பென்டோனைட் களிமண். நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பகுதியில் அது ஏராளமாகக் கிடைக்கிறது.

பூனைக்கு லாவண்டர் வாசனையோ பிங்க் நிறத் துகளோ தேவையில்லை. பெரும்பாலான பூனைகள் விரும்புவது, வாசனை இல்லாத, மென்மையான, மணல் போன்ற துகளைத்தான். சொரசொரப்பான பெரிய துகள் பாதத்தை உறுத்தும். தோட்டத்து மண்ணுக்குப் பழகிய பூனை என்றால், ஆரம்பத்தில் லிட்டரோடு கொஞ்சம் காய்ந்த தோட்ட மண்ணைக் கலந்து போட்டு, நாளாக ஆகக் குறைக்கலாம்.

இனி உங்கள் பெட்டியைச் சோதித்துப் பாருங்கள்.

அளவு: மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை பூனையின் நீளம் எவ்வளவோ, அதைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். கடையில் விற்கும் பல பெட்டிகள் இதைவிடச் சிறியவை. துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு பக்கத்தை வெட்டித் தாழ்த்தினால், அதுவே நல்ல பெட்டி.

எண்ணிக்கை: பூனைகளைவிட ஒரு பெட்டி கூடுதல். ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டு பூனைக்கு மூன்று. மூன்றையும் ஒரே இடத்தில் வரிசையாக வைத்தால், பூனையின் கணக்கில் அது ஒரே பெட்டிதான். வலுவான பூனை வாசலில் படுத்துக்கொண்டால், மற்றது வேறு இடம் தேடும்.

இடம்: மலை வீடுகளில் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். நாற்றம் வரக் கூடாது என்று பெட்டியைப் பின்கட்டு பாத்ரூமிலோ, தகரம் போட்ட வராந்தாவிலோ வைத்துவிடுகிறோம். டிசம்பர், ஜனவரியில் புல்வெளியெல்லாம் உறைபனி படியும் ஊட்டியில், ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சில்லிட்ட சிமென்ட் தரையில் நடந்துபோக நமக்கே மனம் வராது. மழைக்காலத்தில் சாரலில் லிட்டர் நனைந்து சேறாகிவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிய மாவட்டம் இது. கதகதப்பான மெத்தை அருகில் இருக்கும்போது, பூனை எதைத் தேர்ந்தெடுக்கும்? ஒரு பெட்டியையாவது வீட்டுக்குள், காய்ந்த, அமைதியான மூலையில் வையுங்கள். திடீரென்று உறுமும் வாஷிங் மெஷின் பக்கமும், சாப்பாட்டுத் தட்டின் பக்கமும் வேண்டாம்.

சுத்தம்: தினமும் ஒரு தடவையாவது அள்ளுங்கள், இரண்டு தடவை என்றால் இன்னும் நல்லது. நாமே ஃப்ளஷ் செய்யாத கழிப்பறைக்குள் போக யோசிப்போம். பூனைக்கு மோப்பம் நம்மைவிடப் பல மடங்கு அதிகம்.

சுவரில் பீய்ச்சினால் அது வேறு கதை

உட்கார்ந்து, தரையிலோ மெத்தையிலோ நிறையப் போனால் அது சிறுநீர் கழிப்பது. நின்றபடி, வாலை நட்டமாக நிமிர்த்தி, நுனியை உதறிக்கொண்டு, சுவரிலோ திரையிலோ கொஞ்சமாகப் பீய்ச்சினால், அது எல்லை குறிப்பது.

முதுமலைக் காட்டில் புலியும் இதையேதான் செய்கிறது. மரத்துக்கு முதுகைக் காட்டி நின்று பீய்ச்சும். அந்தத் திரவத்தில் பாஸ்மதி அரிசிக்கு மணம் தரும் அதே வேதிப்பொருள் இருப்பதைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டு விஞ்ஞானி ரதன்லால் பிரம்மச்சாரி. புலிக்கு அது விசிட்டிங் கார்டு. வீட்டுப் பூனைக்கும் அப்படித்தான். ஆனால், நம் வீட்டுத் திரைச்சீலையில் அடித்தால் பாஸ்மதி மணம் வராது!

இதற்குச் சிறந்த தீர்வு கருத்தடை. ஆண் பூனைகளில் பத்தில் ஒன்பது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு இந்தப் பழக்கத்தை விட்டுவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் கால்நடை மருத்துவர்கள் கருத்தடை அறுவை சிகிச்சைப் பயிற்சிக்காக ஊட்டிக்கு வருகிறார்கள். வேர்ல்டுவைடு வெட்டரினரி சர்வீஸ் அமைப்பின் பயிற்சி மையம் இங்கேதான் இருக்கிறது. கருத்தடை செய்த பூனை திடீரென்று பீய்ச்ச ஆரம்பித்தால், ஜன்னலுக்கு வெளியே புதிதாக எந்தப் பூனை வருகிறது என்று பாருங்கள்.

வயதான பூனை சோம்பேறி அல்ல

12 வயதைத் தாண்டிய பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், 90 சதவிகிதத்துக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. பூனை நொண்டாது, அழாது. வலியை மறைப்பது அதன் இயல்பு. உயரமான விளிம்பைத் தாண்டுவதையும் படி இறங்குவதையும் மட்டும் நிறுத்திக்கொள்ளும். குளிரில் நம் வீட்டுப் பாட்டிக்கு முழங்கால் பிடித்துக்கொள்கிறதே, அப்படித்தான். தாழ்வான வாசல் உள்ள பெட்டியை அது படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தாலே பாதிப் பிரச்னை தீரும். தண்ணீர் அதிகம் குடித்து, அதிகம் சிறுநீர் போனால் சிறுநீரக நோய், சர்க்கரை நோய், தைராய்டு இவற்றுக்கான பரிசோதனை அவசியம்.

வயது எதுவானாலும் தண்ணீர் முக்கியம். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. இதற்குத் தாகம் எடுப்பதே குறைவு. குளிரில் இன்னும் குறையும். சிறுநீர் கெட்டியானால் எரிச்சலும் படிகமும் கூடும். குடிக்கும் நீரை வெதுவெதுப்பாக்கி, இரண்டு மூன்று இடங்களில் அகலமான கிண்ணத்தில் வையுங்கள். வெறும் உலர் தீவனத்தில் ஈரப்பதம் பத்து சதவிகிதம்தான் இருக்கும். உப்பு சேர்க்காமல் வேகவைத்த மீனையோ கோழியையோ அந்த வேகவைத்த தண்ணீரோடு கொடுப்பது நல்லது. கருவாடு வேண்டாம்.

ஃபினாயிலும் வேண்டாம், நீலகிரித் தைலமும் வேண்டாம்!

ஈரத்தைப் பார்த்ததும் கை தேடுவது ஃபினாயில் பாட்டிலைத்தான். இந்தப் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். ஃபினால் வகை ரசாயனங்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கினால் அது உடலுக்குள் போய்விடும். ஊட்டி வீடுகளில் நாற்றத்துக்கும் சளிக்கும் கைமருந்தான யூகலிப்டஸ் தைலமும் பூனைக்கு நஞ்சு. கம்பளிகளுக்கு நடுவே போடும் அந்துருண்டையும் அப்படியே. அமோனியா கலந்த கிளீனர் வேறு வகையில் தவறு: சிறுநீரின் வாடையை ஒத்திருப்பதால் 'இங்கே போகலாம்' என்று பூனையை அழைக்கும்.

சரியான வழி இதுதான். ஈரத்தை முதலில் துணியால் ஒற்றி எடுங்கள். என்சைம் கலந்த சலவைத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கழுவுங்கள். சுத்தமான தண்ணீரால் அலசி, நன்றாகக் காயவிடுங்கள். பிராணிகளின் சிறுநீர்க் கறைக்கென்று விற்கும் என்சைம் கிளீனர் கிடைத்தால் இன்னும் சிறப்பு. நம் மூக்குக்கு வாடை போனால் போதாது; பூனையின் மூக்குக்குப் போக வேண்டும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால், லிட்டர் அள்ளும் வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். பூனையின் மலத்தில் வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கலாம். அது மற்றவருக்குத் தொற்றும் நிலையை அடையக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும் என்பதால், தினமும் அள்ளிவிடுவதே பெரிய பாதுகாப்பு. பூனைகள் நடமாடும் பாத்தியில் பறித்த கேரட்டை நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள். பூனையை அனுப்பிவிட வேண்டிய அவசியம் இல்லை.

அடிக்கு முன் ஒரு நோட்டு

அடித்தால் என்ன ஆகும்? பூனைக்கு, 'இங்கே போனது தப்பு' என்று புரியாது. 'இந்த ஆள் வந்தால் வலிக்கும்' என்றுதான் புரியும். பயம் கூடும், பயத்தால் வந்த பிரச்னையும் கூடும். அடுத்த தடவை நீங்கள் பார்க்க முடியாத கட்டிலுக்கடியில் போகும்.

அதற்குப் பதில் ஒரு வாரம் குறித்து வையுங்கள். எந்த இடம், எத்தனை மணி, எவ்வளவு, உட்கார்ந்தா நின்றா, ரத்தம் தெரிந்ததா, அன்று வீட்டில் என்ன மாற்றம் நடந்தது? முடிந்தால் செல்போனில் ஒரு வீடியோ. டாக்டரிடம் 'எங்கேயாவது போய்டுது சார்' என்று சொல்வதைவிட, அந்த ஒரு பக்கம் அவருக்குப் பத்து மடங்கு உதவும். முக்கலும் ரத்தமும் இருந்தால் மட்டும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே கிளம்புங்கள்.

நனைந்த ரஜாய் இரண்டு வெயில் பார்த்தால் காய்ந்துவிடும். அதை நனைத்ததற்கான காரணத்தையும் அதே பொறுமையோடு தேடினால், இன்றிரவு பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்த வேண்டியிருக்காது.